பாடத்தை எங்கே எழுதி வைப்பது? திறமூல மின்கற்றல் மென்பொருள்கள் பற்றி ஒரு குறிப்பு

2022 கோடை விடுமுறை. கண்டமங்கலத்தில் எங்க வீட்டுத் திண்ணையில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அக்கா நடுநிலைப் பள்ளி ஆசிரியை. அவங்க போனைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, நான் லேப்டாப்பில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மொத்தம் முந்நூறு கேள்விக்கு மேல்.

கதை இதுதான். கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது, அக்கா ஒரு "இலவச" வினாடி வினா செயலியில் அறிவியல் பாடத்துக்குக் கேள்விகள் போட ஆரம்பித்தாங்க. ராத்திரி வீட்டு வேலை முடிந்து பதினோரு மணி வரை உட்கார்ந்து போட்டது. படம், குறிப்பு, தவறான விடைக்கு விளக்கம் எல்லாம் சேர்த்து. இரண்டு வருஷத்தில் அந்தச் செயலி கட்டணத்துக்கு மாறிவிட்டது. சரி, கேள்விகளையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், இறக்கிக்கொள்ளும் வசதியே கிடையாது. திரையைப் படம் பிடித்துப் பிடித்துத்தான் வெளியே எடுத்தோம்.

"டேய் தம்பி, நீ சாஃப்ட்வேர்லதானே இருக்கே, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. இருபது வருஷமாக இதே துறையில் இருந்துகொண்டு, அக்கா எந்தச் செயலியில் எழுதுறாங்க என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷமாக இதைப் படித்தும், நிறுவிப் பார்த்தும் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஊடாடும் பாடம் என்றால் என்ன?

பொதுமுடக்கத்தில் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த பிடிஎஃப்களை நிறைய பேர் "ஆன்லைன் பாடம்" என்று சொன்னாங்க. அது வெறும் காகிதம், திரையில் தெரிகிறது, அவ்வளவுதான். ஊடாடும் பாடம் என்றால் பிள்ளை ஏதாவது செய்ய வேண்டும், பாடம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தவறாகத் தொட்டால் ஏன் தவறு என்று சொல்லணும். வீடியோ ஓடும்போது நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கணும். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரணும்.

இதைச் செய்கிற எந்த மென்பொருளையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு பகுதி இருக்கும்:

1. எழுதுகருவி – ஆசிரியர் பாடம் தயாரிக்கும் இடம்.
2. இயக்கி – அந்தப் பாடத்தை மாணவர் திரையில் ஓட்டிக் காட்டுவது.
3. வகுப்பறை – யார் எந்த வகுப்பு, யாருக்கு எந்தப் பாடம் என்று நிர்வகிப்பது. எல்எம்எஸ் என்கிறார்களே, அது.
4. பதிவேடு – யார் எதைச் செய்தார், எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைப்பது.

அக்காவின் செயலியில் இந்த நாலும் ஒரே பூட்டுக்குள் இருந்தது. சாவி அவங்க கையில். நல்ல திறமூல ஃபிரேம்வொர்க்குகளில் இந்த நாலும் தனித்தனி. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் பாடம் நடந்து போக முடியும். திறமூலம் என்றால் "காசு இல்லை" என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு இப்போது அதைவிட முக்கியமாகப் படுவது, பாடம் ஒரு கோப்பாக நம் கையில் இருக்கிறதா என்பதுதான்.

பாடங்கள் செத்துப்போன கதை

2000-களில் வந்த கல்வி சிடிக்கள் ஞாபகம் இருக்கா? பெரும்பாலானவை ஃபிளாஷில் செய்தவை. 2017 ஜூலையில் ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள், 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. உலகம் முழுக்க எத்தனையோ ஆசிரியர்கள் செய்து வைத்த பாடங்கள் உலாவியில் திறக்காமல் போயின. இப்போது ரஃபிள் என்ற திறமூல மென்பொருள் அவற்றில் பலவற்றை மீண்டும் ஓட்டிக் காட்டுகிறது.

இதே சூழலில் தப்பித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் திட்டம். மின்சுற்று, ஊசல், பின்னம் என்று நாமே மாற்றிப் பார்க்கும் உருவகப் பயிற்சிகள். முதலில் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்தவற்றை ஒவ்வொன்றாக ஹெச்டிஎம்எல்5-க்கு மாற்றி எழுதினார்கள். மூலநிரலும் திறந்தே இருக்கிறது. தமிழிலும் பல பயிற்சிகள் கிடைக்கின்றன. இணையம் இல்லாமலும் ஓடும்படி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்களுக்கு ஆள்பலம் இருந்தது. நம்ம ஊர் டீச்சருக்கு அது கிடையாது. அவங்களுக்கு முதலிலேயே சரியான இடத்தில் எழுதுவதுதான் ஒரே பாதுகாப்பு.

ஹெச்5பி: பாடமே ஒரு கோப்பு

நார்வே நாட்டில் 2013 வாக்கில் உருவானது ஹெச்5பி. ஒரு ஹெச்5பி கோப்பை எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே படங்கள், ஒலிகள், அவற்றோடு ஜேசான் என்ற எளிய உரை வடிவத்தில் கேள்விகளும் விடைகளும் இருக்கும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். எந்த நிறுவனமும் இல்லாவிட்டாலும் அந்தக் கேள்விகளை வெளியே எடுக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு உத்தரவாதம் வேண்டாம். 2024-ல் இதன் பின்னால் இருந்த நிறுவனத்தைக் கனடாவின் டி2எல் வாங்கிக்கொண்டது. ஆனால் எம்ஐடி உரிமத்தில் ஏற்கெனவே வெளியான நிரலை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

லூமி என்ற திறமூல மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொண்டால், இணையம் இல்லாமலே ஹெச்5பி பாடம் எழுதலாம். கடைசியில் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். அதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் எந்த உலாவியிலும் திறக்கும்.

நாங்கள் முதலில் செய்தது திருவக்கரை பற்றிய பாடம். எங்க ஊரிலிருந்து பக்கம்தான். அங்கே இருக்கும் கல்மரங்களைப் பிள்ளைகள் பலர் பார்த்திருக்காங்க, ஆனால் அது என்ன என்று தெரியாது. 1781-ல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பதிவு செய்தது, சுமார் 2 கோடி ஆண்டு பழமையானது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக இருப்பது. போனில் எடுத்த ஒரு அடிமரப் படத்தில் ஐந்து இடங்களில் தொடுபுள்ளி வைத்தோம். மரவளையத்தைத் தொட்டால் ஒரு விளக்கம், பட்டையைத் தொட்டால் இன்னொன்று. மரம் எப்படிக் கல்லாகிறது என்பதை நாலு படியாக வெட்டி, வரிசை மாற்றி அடுக்கச் சொன்னோம். இரண்டு மாலை வேலை, அவ்வளவுதான்.

வௌவாலும் மரமும்

இரண்டாவது பாடம் பாலூட்டிகள். அதில்தான் மாட்டினோம். "பறக்கும் பாலூட்டி எது?" என்று கோடிட்ட இடம். அக்காவிடம் சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகளில் ஒரு பெண் சரியாகத்தான் எழுதினாள். திரையில் சிவப்பு. திரும்ப எழுதினாள். திரும்பவும் சிவப்பு. முகம் சுருங்கிப்போச்சு. "நான் தப்பா மிஸ்?" என்று கேட்டாள்.

பார்த்தால், அவள் எழுதியது "வெளவால்". நாங்கள் விடையாக வைத்தது "வௌவால்". கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கணினிக்கு முதலாவதில் கொம்பு, வகரம், தனியாக ஒரு ளகரம். இரண்டாவதில் ஔகாரக் குறி ஒரே எழுத்துரு எண். போன் விசைப்பலகையில் பெரியவர்களே இப்படித்தான் தட்டுகிறோம்.

"சின்ன எழுத்துப் பிழையை ஏற்றுக்கொள்" என்று ஒரு அமைப்பு ஹெச்5பியில் இருக்கிறது. அதை இயக்கிப் பார்த்தேன். வெளவால் அப்போதும் தவறு. ஆனால் வேறொரு கேள்வியில் "மரம்" என்பதற்கு "மறம்" என்று எழுதினால் சரி என்று பச்சை காட்டியது! தமிழ் டீச்சர் பார்த்தால் என்ன ஆகும்?

இங்கேதான் திறமூலத்தின் அருமை தெரிந்தது. மூலநிரலைத் திறந்து பார்த்தேன். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை குறியீடுகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுகிறது. சொல் நீளம் ஒன்பது குறியீடு வரை ஒரு பிழை, அதற்கு மேல் இரண்டு பிழை வரை மன்னிப்பு. மிகச் சிறிய சொற்களுக்கு மன்னிப்பே இல்லை. ஆங்கிலத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். தமிழில் மரம், மறம் இரண்டுக்கும் ஒரே ஒரு குறியீடுதான் வித்தியாசம். அதனால் மன்னிப்பு. வௌவால், வெளவால் இரண்டுக்கும் இரண்டு வித்தியாசம். அதனால் தண்டனை. மன்னிக்க வேண்டியதைத் தண்டித்து, தண்டிக்க வேண்டியதை மன்னிக்கிறது.

காரணம் தெரிந்ததும் தீர்வு சுலபம். மன்னிப்பு அமைப்பை அணைத்துவிட்டு, சரியான விடை எழுதும் இடத்தில் *வௌவால்/வெளவால்* என்று இரண்டையும் சாய்கோடு போட்டுக் கொடுத்தோம். இப்போது ஔகாரம் வரும் எல்லாச் சொல்லுக்கும் இதையே செய்கிறோம். மூடிய செயலியாக இருந்திருந்தால் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்பேன். அந்தப் பெண்ணும் தனக்குத் தமிழ் எழுதத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாள்.

இணையம் இல்லாத வகுப்பறைக்கு: கோலிப்ரி

லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற அமெரிக்க லாப நோக்கற்ற அமைப்பு செய்தது. கான் அகாடமி வீடியோக்களை இணையம் இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோக 2012-ல் "கேஏ லைட்" என்று ஆரம்பித்து, பிறகு அந்த அனுபவத்தில் புதிதாக எழுதியது கோலிப்ரி. ஒரு ராஸ்பெர்ரி பை, அதாவது உள்ளங்கை அளவு கணினி, அதில் கோலிப்ரியைப் போட்டு, வைஃபை ஆக்கிவிட்டால் அறையில் இருக்கும் போன்கள் எல்லாம் அதில் இணைந்து பாடம் பார்க்கும். வெளி இணையம் வேண்டாம், டேட்டா செலவும் இல்லை.

ஹெச்5பி கோப்புகளும் இதில் ஓடும். அவர்களுடைய இணையதளத்தில் ஒரு முறை ஏற்றி, அங்கிருந்து பெட்டிக்கு இறக்க வேண்டும். அதற்கு மட்டும் இணையம் தேவை. நான் வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது இந்த வேலையை முடித்துவிட்டுப் போவேன். திண்ணையில் பெட்டியை வைத்தால் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வாங்க. வீட்டுக்கு வீடு அப்பா போனைக் கெஞ்சி வாங்கி வருவதுதான் இன்னும் தீராத பிரச்சினை. அதை எந்த ஃபிரேம்வொர்க்கும் தீர்க்காது. இரண்டு பேருக்கு ஒரு போன் என்று உட்கார வைக்கிறோம். சொல்லப்போனால் அதில்தான் பேச்சு அதிகம் நடக்கிறது, கற்றலும்.

கல்லூரிக்கு: மூடில்

மார்ட்டின் டூகியாமாஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்ததால் வானொலி வழியாகப் பாடம் படித்தவர். அவர் 2002 ஆகஸ்ட் 20-ல் வெளியிட்டதுதான் மூடில் 1.0. இன்று உலகில் அதிகம் புழங்கும் எல்எம்எஸ்களில் ஒன்று. பிஎச்பியில் எழுதியது, ஜிபிஎல் உரிமம், சாதாரண சர்வரிலேயே ஓடும்.

மூடிலில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். கேள்விகளைச் சாதாரண உரைக் கோப்பில் எழுதி உள்ளே ஏற்றலாம். கிஃப்ட் வடிவம் என்பார்கள். இப்படி இருக்கும்:

திருவக்கரைக் கல்மரங்களின் வயது சுமார் எவ்வளவு? { =2 கோடி ஆண்டுகள் ~2 லட்சம் ஆண்டுகள் ~2 ஆயிரம் ஆண்டுகள் }

சமக்குறி போட்டது சரியான விடை, அலைக்குறி போட்டது தவறான விடை. இவ்வளவுதான் இலக்கணம். அக்கா ஒரே நாளில் கற்றுக்கொண்டாங்க. திண்ணையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த கேள்விகளை இப்போது இந்த வடிவத்துக்கு மாற்றி வைக்கிறோம். தேவைப்படும்போது ஹெச்5பி ஆக்குவதற்குப் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். மூலம் உரைக் கோப்பு, மற்றதெல்லாம் அதிலிருந்து பிறப்பது. இனி எந்த மென்பொருள் போனாலும் கேள்விகள் போகாது.

மூடில் கற்க விரும்புபவர்கள் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தைப் பாருங்கள். பல திறமூல மென்பொருள்களுக்குப் பத்து நிமிஷம் வாக்கில் நீளும் காணொளிகள், பலவற்றுக்குத் தமிழ் ஒலியும் உண்டு. பார்த்துக்கொண்டே பக்கத்தில் செய்து பழகும் முறை.

பெரிய அளவுக்கு: ஓப்பன் எடெக்ஸ், சன்பேர்ட்

எம்ஐடியும் ஹார்வர்டும் 2012-ல் தொடங்கிய எடெக்ஸ், 2013-ல் தன் நிரலைத் திறந்துவிட்டது. மும்பை ஐஐடி தன் இணையப் படிப்புகளை இதில்தான் நடத்தியது. 2021-ல் எடெக்ஸ் தளத்தை 2யூ என்ற நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு விற்றார்கள். தளம் கைமாறியது, ஆனால் நிரல் திறந்தபடியே தொடர்கிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே படிப்பு என்றால் இது சரி. நாற்பது பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. நிறுவவே குறைந்தது 4 ஜிபி நினைவகம் கேட்கும், 8 இருந்தால்தான் நிம்மதி.

சன்பேர்ட் நம்ம நாட்டில் பிறந்தது. பெங்களூரின் எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கி எம்ஐடி உரிமத்தில் திறந்தது. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய திக்‌ஷா தளம் இதன் மேல்தான் நிற்கிறது. உங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 2018-ல் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தபோது பாடத்தோடு க்யூஆர் குறியீடும் அச்சாகி வந்தது. அடுத்த வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. குறியீட்டோடு ஆறு எழுத்தில் ஒரு எண்ணும் இருக்கும். கேமரா சரியில்லாத போனில் அதைத் தட்டியும் பாடத்துக்குப் போகலாம். அந்தக் குறியீடு நேராக ஒரு வீடியோவைக் காட்டுவதில்லை, ஒரு பெயரைத்தான் காட்டுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் எந்தப் பாடத்தை வைப்பது என்பதைப் பிறகும் மாற்றலாம். புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க வேண்டாம். நல்ல வடிவமைப்பு.

சன்பேர்டின் இயக்கி, ஹெச்5பியையும் ஹெச்டிஎம்எல் பொதிகளையும் ஓட்டும். நம் திண்ணையில் எழுதிய அதே கோப்பு ஒரு மாநிலத் தளத்திலும் ஓட முடியும் என்று அர்த்தம். ஆனால் சன்பேர்டைத் தனியாக ஒரு பள்ளி நிறுவிப் பராமரிப்பது நடக்காத காரியம். பல சேவைகள் சேர்ந்து ஓட வேண்டிய பெரிய எந்திரம் அது.

பதிவேடு எந்த மொழியில்?

பாடம் வேறு இடத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணும் புரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் தர நெறிகள். பழையது ஸ்கார்ம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆதரவில் உருவானது. அதன் 1.2 பதிப்பு 2001-ல் வந்தது, இன்றும் புழங்குகிறது. அதில் மாணவர் விட்ட இடத்தைக் குறித்துவைக்க 4096 குறியீடு மட்டும்தான் இடம். நீளமான விடைகளைச் சேமித்தால் நிரம்பிவிடும். தமிழில் "கோ" என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடு பிடிக்கும் என்பதால் இன்னும் சீக்கிரம் நிரம்பும்.

புதியது எக்ஸ்ஏபிஐ, 2013. யார், என்ன செய்தார், எதை என்று ஒரு வாக்கியம் போலவே எழுதும். "மாணவர் 12, விடையளித்தார், கேள்வி 5." ஹெச்5பி இந்த மொழியில் பேசும். ஒரு எச்சரிக்கை: பதிவேட்டில் பிள்ளைகளின் முழுப்பெயர், போன் எண் எல்லாம் போட வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் வரிசை எண் மட்டும் வைத்திருக்கிறோம். யார் யார் என்பது அக்காவின் நோட்டில் இருக்கிறது.

எதை எடுப்பது?

என் அனுபவத்தில் இப்படி:

– தனியாக ஒரு ஆசிரியர்: லூமியும் ஹெச்5பியும். சர்வரே வேண்டாம்.
– இணையம் சரியில்லாத பள்ளி, மாலை வகுப்பு: கோலிப்ரியும் ஒரு ராஸ்பெர்ரி பையும்.
– கல்லூரி, பயிற்சி நிலையம்: மூடில்.
– பல்கலைக்கழகம், பல்லாயிரம் பேர்: ஓப்பன் எடெக்ஸ்.
– மாநிலம்: சன்பேர்ட்.

எதை எடுத்தாலும் முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்குப் போட்ட பாடத்தை இன்றைக்கே கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? இணையம் இல்லாமல் ஓடுமா? அடுத்த வருஷம் சர்வரை யார் பார்த்துக்கொள்வார்?

மூன்றாவது கேள்வியில்தான் நிறைய திட்டங்கள் படுத்துவிடுகின்றன. ஆர்வத்தில் ஒருவர் மூடில் நிறுவிக் கொடுப்பார், வேலை மாறிப் போவார், பாதுகாப்புத் திருத்தம் போட ஆள் இல்லாமல் ஒரு நாள் தளமே கெட்டுவிடும். மென்பொருள் இலவசம், பராமரிப்பு இலவசமில்லை. எங்க மாவட்டத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி கொடுத்து வருகிறது. உங்க ஊரில் அப்படி ஒரு குழு இருந்தால், மென்பொருளை முடிவு செய்யும் முன் அவர்களிடம் பேசுங்கள். தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும் மென்பொருள்தான் உங்களுக்கு நல்ல மென்பொருள்.

அக்காவின் கேள்விகளில் பாதிக்கு மேல் உரைக் கோப்புக்கு வந்துவிட்டது. மீதியை இந்த விடுமுறையில் முடிக்கணும். ஒரு பிரதி அக்கா பென்டிரைவில், ஒன்று என் லேப்டாப்பில், ஒன்று சக ஆசிரியை வீட்டில். அந்தச் சக ஆசிரியை போன மாதம் எங்களைக் கேட்காமலே நாற்பது கேள்வி கூடுதலாகச் சேர்த்து அனுப்பியிருக்காங்க. அதில் மூன்றில் வௌவால் பிரச்சினை இருந்தது. திருத்திவிட்டேன்.